முகத்துக்குப் போடும் யூரியா

போன வருஷம் தை அறுவடை சமயம். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் துப்பட்டாவால் முகத்தை இறுக்கிக் கட்டி, கண் மட்டும் தெரியும்படி நின்றாள். தூசிக்காகத்தான் என்று நினைத்தேன். மோர் குடிக்க எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதும் அவள் கட்டை அவிழ்க்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தாள்.

பக்கத்துக் கொல்லைக்காரரின் மகள். வயது இருபத்தொன்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாரத்தில் ஆறு நாள் கம்பெனி வேன், ஞாயிற்றுக்கிழமை அப்பா நிலம். நம் பக்கத்துக் கிராமங்களில் பாதி வீடுகளின் கதை இதுதானே, ஒரு கால் சேற்றில், ஒரு கால் சிப்காட்டில். சின்ன வயதிலிருந்தே என்னைப் பெரிப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏம்மா, முகத்துக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பெரிப்பா. வெயில் பட்டா எரியுது."

மறுநாள் என் மனைவி கேட்டபோதுதான் முழுசாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டதும் எனக்குத் தலையைத் தொங்கப் போடவேண்டியதாயிற்று. ஏனென்றால் அந்தக் கதையின் முதல் தப்பு என்னுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தாடையோரம் பருக்கள் வர ஆரம்பித்தன. கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்த பிறகு இதென்ன புதுசா என்று கூச்சப்பட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள். நான்தான் இயற்கை விவசாயி ஆச்சே! கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி இலை, எலுமிச்சைச் சாறு மூன்றையும் அரைத்துப் பூசச் சொன்னேன். "நம்ம தோட்டத்துச் சரக்கு, பக்கவிளைவே கிடையாது" என்று வேறு அடித்துச் சொன்னேன். பூசிக்கொண்டு வயலில் நாற்றுப் பறித்திருக்கிறாள். மூன்றாம் நாள் முகம் காந்தி, தாடையில் கருந்திட்டு விழுந்துவிட்டது. பெரிப்பா மனசு கஷ்டப்படுமே என்று என்னிடம் சொல்லவில்லை. நேராக ஒரு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. ஒரு டியூப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தே நாளில் பரு அமுங்கி, முகம் பளபளவென்று ஆகிவிட்டது. விடுவாளா? எட்டு மாதம் தொடர்ந்து போட்டிருக்கிறாள். நிறுத்தினால் இரண்டு நாளில் முகம் சிவந்து, எரிந்து, முன்னைவிட அதிகமாகப் பரு வந்தது. மறுபடி போட்டால் அடங்கியது.

முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். பத்திரத்தைப் படிக்காமல் ஒரு கடனுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த டியூப்பைக் கொண்டுவரச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். மோமெட்டாசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின். முதலாவது ஸ்டீராய்டு.

இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் முகப்பருவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். யூரியா போட்ட நாலாம் நாள் பயிர் கருகருவென்று நிற்பதும், பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வந்து இறங்குவதும் நமக்குத் தெரியும். அதே வேலையைத்தான் அந்த டியூப் முகத்தில் செய்கிறது. அதோடு, நம் வீடுகளில் மஞ்சளும் வேம்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், என்னைப் போலத் தப்பு யோசனை சொல்கிறவர்களும் நம்மில்தான் அதிகம்.

டியூப்புக்குள் என்ன?

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்து இல்லை. கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். பருவுக்கு அது மருந்தே அல்ல. வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்குவதால் சரியானது போலத் தெரிகிறது. உள்ளே தோல் மெலிகிறது, ரத்தக் குழாய்கள் விரிந்து கன்னத்தில் சிவப்பு நூல் போல ஓடுகின்றன, வெயில் தாங்குவதில்லை, பெண்களுக்கு முகத்தில் முடி முளைக்கிறது, பருவும் கூடுகிறது. நிறுத்தினால் பழைய பாக்கியை வட்டியோடு கேட்கிறது.

இது என் ஊர்ப் பெண்ணுக்கு மட்டும் நடந்ததல்ல. இந்தியாவில் 12 மையங்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர், அதாவது கிட்டத்தட்ட ஏழில் ஒருவர், முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் 126 பேர் முகம் வெளுக்கவும் பொதுவான முகப்பூச்சாகவும் போட்டவர்கள். 104 பேர் பருவுக்காகப் போட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது மருத்துவர் அல்லாத யாரோ. வந்த கெடுதல்களில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்குத்தான்.

இந்த மாதிரிச் சங்கதிகளுக்குப் பிறகுதான் 2018 மார்ச்சில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு, 14 ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அட்டையின் இடது மேல் மூலையில் ஆர்.எக்ஸ். என்ற குறி இருக்கும். சட்டம் வந்துவிட்டது, சரி. கடையில் கேட்டால் கிடைப்பது நின்றதா என்றால் உங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் டியூப்பில் இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள்: மோமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளுசினோலோன். மாதக்கணக்கில் போட்டிருந்தால் பயத்தில் அன்றே தூக்கி எறியவேண்டாம். திடீரென நிறுத்தினால் முகம் கொதித்துவிடும். தோல் மருத்துவர் படிப்படியாக இறக்கிவிடுவார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. திருவள்ளூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால் அந்த வழியும் உண்டு.

பரு ஏன் வருகிறது, எது வேலை செய்கிறது

முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. ஹார்மோன் தூண்டுதலில் எண்ணெய் அதிகம் சுரக்கிறது. வாயிலில் தோல் செல்கள் உதிராமல் ஒட்டி அடைக்கின்றன. உள்ளே எப்போதும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது வீங்கிச் சிவக்கிறது. அழுக்கால் வருவதில்லை. அதனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் கூடுமே தவிரக் குறையாது. காலை ஒரு தரம், வேலை முடிந்து ஒரு தரம், மிதமான சோப்பு போதும்.

இருபத்தைந்து வயதுக்கு மேல் வருவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். தாடை, கன்னத்தின் அடிப்பகுதி, மாதவிலக்குக்கு முந்தின வாரம் என்று ஒரு கணக்கு இருக்கும். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, எடை ஏறுகிறது என்றால் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்த்தாக வேண்டும். அப்போது களிம்பு மட்டும் போதாது, ஹார்மோனைச் சரிசெய்யும் மாத்திரையும் தேவைப்படலாம்.

மருந்துகளில் முதலில் பென்சாயில் பெராக்சைடு. பெயர் கேட்டதுபோல இருக்கிறதா? மைதாவை வெளுக்கப் போடுகிறார்கள் என்று நாம் கூட்டத்துக்குக் கூட்டம் திட்டுகிற அதே பொருள்தான். வயிற்றுக்குள் போவதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் தோல் மேல் அது பரு பாக்டீரியாவைக் கொல்கிறது, அந்தப் பாக்டீரியா இதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்வதும் இல்லை. 2.5 சதவீதமே போதும். 5, 10 சதவீதம் அதைவிட அதிகமாக ஒன்றும் செய்வதில்லை, எரிச்சல்தான் கூடும். தலையணை உறை, துண்டு, ரவிக்கை எல்லாம் வெளுத்துவிடும், பழசாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, சூட்டில் கிடந்தால் இதிலிருந்து பென்சீன் உண்டாகிறது என்று 2024-ல் அமெரிக்காவில் பிரச்சினை கிளம்பியது. தகர ஷீட் போட்ட வீட்டில் ஜன்னலோரம் வைக்காமல் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

அடுத்தது அடாபலீன். அடைப்பை நீக்குவது இதன் வேலை. இரவில் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடினது போலவும் தெரியும். அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பொறுக்கவேண்டும். ரசாயனத்திலிருந்து மாறிய முதல் வருஷம் மகசூல் குறைகிறதே, அப்போது எத்தனை பேர் யூரியா மூட்டைக்கே திரும்பிப் போனார்கள் என்று நமக்குத் தெரியாதா? கர்ப்பமாக இருப்பவர்களும், அதற்கு எண்ணியிருப்பவர்களும் இதைத் தொடக்கூடாது. மிகக் கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை இன்னும் ஆபத்து, கருவில் இருக்கும் குழந்தையை ஊனப்படுத்திவிடும். அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும், தோழி கொடுத்தாள் என்று சாப்பிடுகிற மாத்திரை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருப்பது. பருவையும் குறைக்கும், பரு விட்டுப்போன கருந்தழும்பையும் மெல்ல மங்கவைக்கும். நம் நிறத்துக்காரர்களுக்குப் பருவைவிட அந்தக் கருந்தழும்பல்லவா பெரிய கவலை? கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள்.

ஆன்டிபயாடிக் பற்றி விவசாயிகளுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒரே பூச்சிமருந்தை அடித்து அடித்துப் பூச்சி பழகிப்போன கதை நம் கதை. பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஜெயித்ததைப் பார்த்தோம். க்ளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியாவும் அப்படித்தான் பழகும். அதனால் அதைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் தரவேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரையென்றால் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கக்கூடாது.

விலை விஷயம். மூலப்பொருள் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். எல்லாம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன்.

நம்ம தோட்டத்துச் சரக்கு

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் தீக்காயம் மாதிரி கன்றி, கருந்திட்டு விழும். தோட்டத்தில் பழம் பறித்துச் சாறு பிழிகிறவர்கள் கையில் இதைப் பார்க்கலாம். முகத்தில் பூசிக்கொண்டு நாற்றங்காலில் நிற்கச் சொன்னேனே, என்னைச் சொல்லவேண்டும். குப்பைமேனி சிலருக்கு எரிச்சல் தரும். மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாது, கடை மஞ்சள் தூளில் நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கிற அநியாயம் வேறு. வேப்பெண்ணெய்க்கு பாக்டீரியாவை அடக்கும் குணம் உண்டுதான். ஆனால் பயிருக்கே கரைத்துத்தான் தெளிக்கிறோம், முகத்தில் நேரடியாகப் பூசினால்? செக்குத் தேங்காயெண்ணெய் வறண்ட கைகாலுக்கு அருமை. பரு வரும் முகத்தில் துவாரத்தை அடைத்துப் பருவைக் கூட்டும். டூத்பேஸ்ட் வைப்பதைப் பற்றி எழுதவே எனக்குப் பொறுமையில்லை.

மூலிகையே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. சோதித்துப் பார்த்து நின்ற மூலிகையும் உண்டு. டீ ட்ரீ எண்ணெய் என்று விற்கிறார்களே, அதற்கும் நீலகிரித் தேயிலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நாவல், யூகலிப்டஸ் குடும்பத்து மரம். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. மூலிகை கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவாக இருந்தது. நம் வேம்புக்கும் கஸ்தூரி மஞ்சளுக்கும் இப்படி அளவு போட்டு, ஆள் எண்ணி, எழுதிவைத்த சோதனை நிறைய வரவேண்டும். ஒரு பாத்தியில் போட்டு, ஒரு பாத்தியை விட்டு, எடை போட்டுப் பார்க்காமல் பஞ்சகவ்யத்தையே நாம் நம்பியதில்லையே. எதைப் பூசினாலும் முதலில் காதுக்குக் கீழே ஒரு பொட்டளவு வைத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

சாப்பாட்டுக்கும் பருவுக்கும் தொடர்பு உண்டா? உண்டு, ஓரளவு. 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 43 இளைஞர்கள். ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவை 12 வாரம் சாப்பிட்ட பிரிவினருக்குப் பரு நன்றாகக் குறைந்தது. பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் கிழங்கு, மீன், தேங்காய், பழம் சாப்பிட்டு வாழும் 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவர் முகத்திலும் பரு இல்லை என்று 2002-ல் எழுதினார்கள். உணவு ஒன்றே காரணம் என்று அதைவைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் ஷிப்ட் முடிந்து பரோட்டாவும் கூல் டிரிங்ஸும் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு வரகுச் சோறும் பயறும் கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பாலுக்கும், முக்கியமாகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கும், பருவுக்கும் தொடர்பு இருப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு மேல் எழுதினால் நாட்டு மாடு வளர்க்கும் நண்பர்கள் என் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

கம்பெனிப் பரு

எங்கள் வட்டாரத்துக்கு என்று ஒரு சங்கதி இருக்கிறது. உருட்டாலை, லேத் பட்டறை, இயந்திர எண்ணெய் என்று வேலை செய்யும் பையன்களுக்கு முன்கையிலும் தொடையிலும், எண்ணெய் ஊறிய துணி உரசும் இடங்களில், கரும்புள்ளியும் பருவுமாக வரும். இது வயசுக் கோளாறு இல்லை, எண்ணெய்ப் பரு. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில், ஈய நஞ்சுக்கும் சிலிக்கோசிஸுக்கும் பக்கத்தில் இதற்கும் இடம் கொடுத்தார்கள். பார்க்கிற மருத்துவரும் கம்பெனி மேலாளரும் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். எண்ணெய் படிந்த உடுப்பைத் தினமும் மாற்றுவது, வேலை முடிந்ததும் குளிப்பது, அழுக்குத் துணியை பேண்ட் பையில் சொருகாமல் இருப்பது, இவைதான் முதல் சிகிச்சை. களிம்பு அப்புறம். மருத்துவரிடம் போனால் என்ன வேலை என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிடக் கொடியது குளோரின் கலந்த சில ரசாயனங்களால் வரும் குளோரக்னே. கன்ன எலும்பிலும் காதுக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளாக ஆரம்பித்து வருஷக்கணக்கில் நிற்கும். 1976 ஜூலை 10-ம் தேதி இத்தாலியில் செவேசோ ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து டையாக்சின் மேகம் கிளம்பியபோது கிட்டத்தட்ட 200 பேருக்கு இது வந்தது, பெரும்பாலும் குழந்தைகள். அங்கே தயாரான டிரைகுளோரோஃபீனால்தான் 2,4,5-டி என்ற களைக்கொல்லிக்கும் மூலப்பொருள். வியட்நாம் காடுகளின் மேல் அமெரிக்கா கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி அந்த 2,4,5-டி. டையாக்சின் அதோடு வந்தது. மீதிப் பாதியான 2,4-டி இன்றும் நம் பூச்சிமருந்துக் கடைகளில் நெல்லுக்குக் களைக்கொல்லியாக இருக்கிறது. 2,4-டி அடித்தால் குளோரக்னே வந்துவிடும் என்று நான் எழுதவில்லை, அந்த நஞ்சு மற்றதில் இருந்தது. ஆனால் ஒரே பட்டறையில் ஒரே சமயத்தில் பலருக்கு இப்படிக் கரும்புள்ளிகள் வந்தால் அதை முகப்பவுடர் சமாசாரமாக விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் கம்பெனிப் பரு இல்லை, ஹார்மோன் பருதான் என்று அரசு மருத்துவமனை தோல் பிரிவில் சொன்னார்கள். என் மனைவிதான் கூடப் போனாள். அடுத்த குழந்தைக்கு எண்ணம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்றதும் அடாபலீன் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டீராய்டை ஆறு வாரத்தில் படிப்படியாக இறக்கி, பிறகு அசெலாயிக் அமிலமும், பரு மேல் மட்டும் பென்சாயில் பெராக்சைடும். அந்த ஆறு வாரம் கொடுமை. இரண்டு தரம் பழைய டியூப்பைத் தேடியிருக்கிறாள். அது எங்கள் வீட்டு பீரோவில் இருந்ததால் தப்பித்தாள். வெயிலுக்கு சன்ஸ்கிரீனும், வயலுக்கு அகல ஓலைத் தொப்பியும்.

ஆடியில் நாற்று நடவுக்கு வந்தபோது முகத்தில் துப்பட்டா இல்லை. தாடையில் இரண்டு மூன்று பரு இருந்தது, கன்னத்தில் தழும்பு இன்னும் போகவில்லை, இன்னும் சில மாதம் ஆகுமாம். "பெரிப்பா, மூலிகை ஏதாச்சும் அரைச்சு வச்சிருக்கியா?" என்று சிரித்தாள். நான் பேசாமல் நாற்றுக்கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

நம் வட்டார உழவர் கூட்டத்துக்கு அடுத்த முறை வரும்போது விதையோடு, வீட்டில் முகத்துக்குப் போடும் டியூப்புகளையும் கொண்டுவாருங்கள். பூதக்கண்ணாடி நான் எடுத்து வருகிறேன்.